தீவு எதற்கு, பரிசல்துறை இருக்கும்போது

பெரிய ஊரில் பெயரெடுத்த போலீஸ் அதிகாரி, பல வருடம் எட்டிப்பார்க்காத தன் தீவுக்கு ஒரு கொலை வழக்குக்காகத் திரும்புகிறார். பால்ய சிநேகிதன் மேலேயே சந்தேகம். பாதி ஊர் வா என்கிறது, மீதி ஊர் கதவைச் சாத்துகிறது. ஐரோப்பியக் குற்ற நாவல்களில் நன்றாக ஓடுகிற அச்சு இது. இதைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தானுங்க, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான்: நாயகன் உள்ளூர்க்காரன் என்பதை அவனுடைய பலமாக எழுதினால் நாவல் ஐம்பதாம் பக்கத்திலேயே படுத்துவிடும். ஊரைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒவ்வொன்றும் வழக்கில் ஒரு ஓட்டை. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில்தான் கை விடுவார். கதையையும் அதை வைத்தே நகர்த்த வேண்டும்.

முதலில் இடம். கடல் இல்லையே என்ற கவலை வேண்டாம். பவானிசாகரில் காராச்சிக்கொரை சோதனைச்சாவடியைத் தாண்டிக் காட்டுக்குள் சுமார் 25 கி.மீ. போனால் மாயாறு. பஸ் இக்கரையோடு சரி. இறங்கிப் பரிசலில் கடந்தால் தெங்குமரஹாடா. கோடநாடு காட்சிமுனையில் நின்று குனிந்து பார்த்தால் காலடியில் தெரிகிற ஊர். நிர்வாகப்படி நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம். ஆனால் கோத்தகிரிக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து, ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர் வழியாக, கோவை மாவட்டத்தின் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து 33 கி.மீ. மலையேற வேண்டும். தலைக்கு மேலே இருக்கிற தாலுகா ஆபீசுக்கு மூன்று மாவட்டம் சுற்றிப் போகிற ஊர் இது. அங்கிருந்து குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து மக்களை வெளியே குடியமர்த்தும் பேச்சு உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போவதா இருப்பதா என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கிற இடத்தில் கொலைக்கான காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை. நாவலில் மட்டும் ஊர்ப்பெயரை மாற்றிவிடுங்கள். நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், வாழ்கிற மனிதர்களை எடுக்கக்கூடாது.

கொலையை எழுதும் முன் கால அட்டவணையை எழுதுங்கள். இந்த மாதிரிக் கதைக்குத் தோதான ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு, உல்லாபூல் துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டே முக்கால் மணி நேரம். 2009 வரை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கப்பலே கிடையாது. அப்போது அங்கே சனி இரவில் ஒரு பிணம் விழுந்திருந்தால் திங்கள் காலை வரை கொலைகாரன் கப்பலில் தப்பவும் முடியாது, வெளியூர் போலீஸ் கப்பலில் வரவும் முடியாது. அதற்குச் சமமானது நம்மிடமும் இருக்கிறது. பண்ணாரி-திம்பம் சாலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரவுப் போக்குவரத்துக்கு 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி கட்டுப்பாடு. மாயாற்றில் வெள்ளம் வந்தால் பரிசல் நிற்கும். இங்கே பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஆறு பெருக ஊரில் மழை பெய்ய வேண்டியதில்லை. மேலே பைக்காரா நீர்மின் நிலையங்களிலிருந்து திறந்துவிட்டால் வெயில் அடிக்கும் நாளிலும் தண்ணீர் ஏறும். இடி, மின்னல், அடைமழை என்று எழுதுவதைவிட, காய்ந்த வானத்துக்குக் கீழே ஆறு சத்தமில்லாமல் ஏறுவது எவ்வளவோ மேல்.

சரி, நம்ம ஆள் இந்த வழக்கை விசாரிக்க முடியுமா? கொலை வழக்கில் விசாரணை அதிகாரி சாதாரணமாக அந்தச் சரக இன்ஸ்பெக்டர். சென்னையில் கொடிகட்டிப் பறக்கிறவர் லீவில் வந்து "கேஸை நான் பாக்கிறேன்" என்று சொல்லிவிட முடியாது. எஸ்.பி. ஸ்பெஷல் டீம் போட வேண்டும், அல்லது வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற வேண்டும். செத்தவர் இருளர், சந்தேகம் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஒருவர் மேல் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளே வந்துவிடும். 1995 விதிகளில் 7ஆவது விதிப்படி, டி.எஸ்.பி.க்குக் குறைந்த அதிகாரி விசாரித்தால் அந்த விசாரணையே செல்லாது என்று வாதம் கிளம்பும். மலையடிவாரத்தில் கதை வைத்துவிட்டு இன்ஸ்பெக்டரை நாயகனாக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒன்று அவரை டி.எஸ்.பி. ஆக்குங்கள், இல்லையென்றால் டி.எஸ்.பி.க்கு எடுபிடியாக அனுப்புங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. ஊர் தெரிந்தவன் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு ஊர் தெரியவில்லை.

அடுத்து சாட்சி விவகாரம். செத்தவனுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் பழைய வாய்க்கால் தகராறு இருந்தது நாயகனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று வைப்போம். அதைக் கேஸ் டைரியில் எப்படி எழுதுவார்? "எனக்குத் தெரியும்" என்று எழுதிய நொடியில் அவரே சாட்சி. புகார்தாரரே விசாரணை அதிகாரியாகவும் இருந்தால் விசாரணை கெட்டது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் வழக்கு விழாது, பாரபட்சம் இருந்ததா என்று வழக்குக்கு வழக்கு பார்க்கலாம் என்றது. பாரபட்சம்! சொந்த ஊர்க்காரனை மடக்க இதைவிட நல்ல கயிறு வக்கீலுக்குக் கிடைக்குமா? எனவே தனக்குத் தெரிந்ததையே வேறொருவர் வாயிலிருந்து வரவழைக்க அவர் படாத பாடு பட வேண்டும். நாவலின் நடுப்பகுதி முழுக்க இதிலேயே ஓடும்.

அதற்குச் சட்டமே வழி செய்து தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பிரிவு 179: பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்களாக வர ஒப்புக்கொண்டாலொழிய வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஊர் ரகசியம் தெரிந்தவர்கள் யார்? அப்புச்சிகளும் அம்மிச்சிகளும்தான். ஆக, எந்தத் திண்ணையைத் தவிர்க்க அவர் ஊர்ப்பக்கமே வராமல் இருந்தாரோ அதே திண்ணையில் நோட்டோடு போய் உட்கார வேண்டும். "ஏஞ்சாமி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கிழவி கேட்பார். ஐயா ஐயா என்று பின்னால் வந்த ஏட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். அதிகாரம் இறங்குவதைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

பெயர்க் குழப்பத்தையும் விடாதீர்கள். லூயிஸ் தீவில் மக்லவுட், மாரிசன், மக்டொனால்டு என்று நாலைந்து குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும், அதனால் பட்டப்பெயரும் அப்பன் பெயரும் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். நம்மூரில் ஒரு பழனிசாமியைத் தேடிப் போனால் கரட்டுத்தோட்டத்துப் பழனிசாமி, மேக்காலூட்டுப் பழனிசாமி, லாரிக்காரப் பழனிசாமி என்று வரிசையில் நிற்பார்கள். எஃப்.ஐ.ஆரில் தகப்பன் பெயர் தப்பாகப் போனால் வெளியூர் டி.எஸ்.பி. தப்பான ஆளைத் தூக்கி வருவார்.

பிணத்துக்கு வருவோம். மாயாறு நேராக பவானிசாகர் அணைக்குப் போகிறது. நீலகிரியில் அடித்துத் தண்ணீரில் தள்ளினால் ஈரோடு மாவட்ட நீர்ப்பரப்பில் மிதக்கும். பிரேத விசாரணை பிணம் கிடக்கிற இடத்து ஸ்டேஷனில், வழக்கு விசாரணை கொலை நடந்த இடத்து நீதிமன்றத்தில். இரண்டு மாவட்டப் போலீசும் ஃபைலை மாறி மாறித் தள்ளும். கோடையில் ஒரு நாளில் பிணம் மேலே வந்துவிடும், ஆழமான குளிர்ந்த அணைத்தண்ணீரில் கூடுதலாகும். மூழ்கிச் செத்தானா, செத்தபின் தள்ளினார்களா என்று பார்க்க டயாட்டம் பரிசோதனை உண்டு. டயாட்டம் என்பது தண்ணீரில் இருக்கும் நுண்பாசி. உயிரோடு மூழ்கி நுரையீரலுக்குள் தண்ணீரை இழுத்தவனின் எலும்பு மஜ்ஜை வரை அது போயிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த இடத்துத் தண்ணீரும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அணைத்தண்ணீரை மட்டும் அனுப்பி, ஆற்றுத்துறைத் தண்ணீரை எடுக்க மறந்தால் எங்கே மூழ்கினான் என்ற கேள்வி அந்தரத்தில் தொங்கும். நாவலுக்கு இது தங்கமான தவறு. இன்னொன்று: இரவில் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம் என்று மத்திய அரசு 2021இல் அனுமதித்தது உண்மைதான், ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணங்களுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. நள்ளிரவில் டாக்டர் கையுறையைக் கழற்றி "கழுத்தை நெரிச்சிருக்காங்க" என்று சொல்லும் காட்சியைக் கிழித்துப் போடுங்கள்.

பிணம் கரையில் கிடந்தால் கதையே வேறு. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுதைப்புலி உண்டு, பாறுக் கழுகு உண்டு. இரண்டு இரவு போனால் எலும்பு நாலு திசைக்குப் போயிருக்கும். வட்டமிடும் கழுகைப் பார்த்துப் பிணத்தைக் கண்டுபிடிப்பது வேட்டைத் தடுப்புக் காவலராகத்தான் இருக்கும், போலீஸ் அல்ல.

செல்போன் டவரை வைத்துக் கதையை முடிக்கிறவர்கள் மலைப்பக்கம் வர வேண்டாம். டவர் விவரம் போன் எந்த டவரைப் பிடித்தது என்று மட்டும் சொல்லும். பள்ளத்தாக்கில் மொத்த ஊரும் ஒரே டவரில், அல்லது டவரே இல்லாமல். உண்மையான தடயம் சோதனைச்சாவடி நோட்டில் இருக்கிறது: வண்டி எண், போன நேரம், வந்த நேரம். அப்புறம் புலிக் கணக்கெடுப்புக் கேமரா. பாதையின் இரு பக்கமும் ஜோடியாக, முழங்கால் உயரத்தில் கட்டியிருப்பார்கள். அதில் விழாமல் நடந்தவன் பாதை தெரிந்தவன். நாயகனுக்கும் பாதை தெரியும் என்பதை டி.எஸ்.பி. கவனிக்கட்டும்.

பழைய ரகசியம் வேண்டுமென்றால் அணை வற்றும்போது மேலே தெரிகிற டணாய்க்கன் கோட்டை இருக்கிறது. அங்கே கிடைக்கும் எலும்புக்கூடு 2024 ஜூலை 1க்கு முந்தைய கொலை என்றால் குற்றம் பழைய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவான 302இல்தான் வரும், விசாரணை நடைமுறை மட்டும் புதுச் சட்டப்படி. புதுத் தண்டனைச் சட்டத்தின் 103 என்று போட்டால் முதல் வாசகரே பிடித்துவிடுவார். லூயிஸ் ஆட்கள் பத்துப் பேர் சூலா ஸ்கீர் என்ற கடல்பாறைக்குப் போய்க் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடித்து வந்த பழைய வழக்கம்போல ஊரே சேர்ந்து நிற்கும் சடங்கு வேண்டுமா? பண்ணாரி அம்மன் கோயில் குண்டம், அதாவது தீமிதி, இருக்கிறது. சும்மா அலங்காரத்துக்கு வைக்காமல், அன்றைக்கு வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதைத் தடயமாக்க முடிந்தால் மட்டும் வையுங்கள்.

ஸ்காட்லாந்தில் நடக்கும் குற்றக் கதையின் முடிச்சை அப்படியே தூக்கி வரவும் முடியாது. அங்கே முக்கியமான எதையும் நிரூபிக்க இரண்டு தனித்தனி ஆதாரம் வேண்டும், சந்தேகக் கொலையில் போஸ்ட்மார்ட்டமே இரண்டு டாக்டர்கள் செய்வார்கள். இங்கே நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும். அங்கே இரண்டாவது ஆதாரத்தைத் தேடி ஓடுவது கதை, இங்கே அந்த ஒரு சாட்சி பிறழாமல் இருக்கிறாரா என்பது கதை. அவர் யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்ற கணக்கை முதல் அத்தியாயத்திலேயே போட்டு வையுங்கள்.

கடைசியாக, எஃப்.ஐ.ஆரை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகும் காவலருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குங்கள். பதிவான நேரத்துக்கும் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட நேரத்துக்கும் நடுவில் அரை நாள் இடைவெளி இருந்தால், உட்கார்ந்து ஜோடித்தார்கள் என்றுதான் வக்கீல் ஆரம்பிப்பார். ஆற்றில் தண்ணீர், விடியும்வரை பரிசல் கிடைக்கவில்லை என்று அந்தக் காவலர் கூண்டில் ஏறிச் சொல்வார். அப்படியானால் பரிசல்காரரைக் கூப்பிடு என்பார்கள். அந்தப் பரிசல்காரர் நாயகனுக்குச் சித்தப்பா.