மிக்சி வாங்கித் தருகிறவர்களே, அந்தச் சின்ன ஜாரைக் கொஞ்சம் பாருங்கள்

கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி, எந்த ஊர்க் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், மிக்சி என்று கேட்ட உடனே கடைக்காரர் வாயிலிருந்து வருவது வாட்ஸ் கணக்குதான். "இது 750, அது 1000, ஆயிரமே எடுத்துக்குங்க சார், கல்லைப் போட்டாலும் அரைக்கும்." கூட வந்த வீட்டுக்காரரும் அதற்குத் தலையாட்டுவார். எந்த வீட்டில் ஐயா கல்லைப் போட்டு அரைக்கிறார்கள்? காலையில் இட்லிக்குக் கால் மூடித் தேங்காய், ஒரு கை பொட்டுக்கடலை, நாலு பச்சைமிளகாய், இவ்வளவும் திப்பி இல்லாமல் அரைபட வேண்டும், அதுவும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்யப்போவது சின்ன ஜார். அந்தச் சின்ன ஜாரை மட்டும் ஒரு கடையிலும் யாரும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவதில்லை.

எங்கள் பக்கத்துச் சமையலே சின்ன ஜாரில்தான் நடக்கிறது. அரைத்துவிட்ட சாம்பாருக்கு வறுத்த தனியாவும் கடலைப்பருப்பும் மிளகாயும் தேங்காயும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவுக்குத் தேங்காயோடு கசகசாவும் பொட்டுக்கடலையும் சோம்பும், மோர்க்குழம்புக்கு ஊறவைத்த பருப்பும் சீரகமும், அப்புறம் துவையல், ரசத்துக்கு மிளகு சீரகம். எல்லாம் ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடிக் கணக்கு. இந்தக் கொஞ்ச அளவு பிளேடுக்கு எட்ட வேண்டுமென்றால் ஜாரின் அடி குறுகலாக இருக்க வேண்டும், பிளேடு அடியை ஒட்டித் தாழ்வாகச் சுற்ற வேண்டும். பாதி மிக்சிகளில் பிளேடு உயரத்தில் சுற்றும், கசகசா அடியில் போட்டபடியே கிடக்கும். நிறுத்தி, மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் வழித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, கடைசியில் கெட்டித் துவையல் தண்ணிச் சட்னியாகித் தட்டுக்கு வரும். திட்டு விழுவது மட்டும் அரைத்தவளுக்கு.

தினமும் ஓடுவது அந்த ஜார் என்பதால் முதலில் போவதும் அதுதான். ஜாருக்கு அடியில் கருப்பாக, பிசுக்காகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் உள்ளே பிளேடுத் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டு ஓட்டினால் கசிவு மோட்டார் தலைக்குள் இறங்கி பேரிங்கைக் கெடுக்கும். புஷ், வாஷர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் எல்லாம் சின்னச் சாமான்கள். அதிலும் கப்ளர் உடைவதில் எனக்குக் கோபமே கிடையாது. பிளேடு எதிலாவது சிக்கிக்கொண்டால் மோட்டார் எரிவதற்கு முன்னால் அது உடையட்டும் என்றுதான் அதை மெத்தென்று செய்திருக்கிறார்கள். என் கோபமெல்லாம் உடைந்ததற்கு மாற்று கிடைக்காததில்தான். எங்கள் வீட்டு மிக்சிக்குச் சின்ன ஜார் போனபோது ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. மெக்கானிக் தம்பி கடைசியில் சொன்னது இதுதான்: "இந்த மாடலை நிறுத்திட்டாங்கக்கா. ஜார் தனியா வராது. பேசாம புதுசு எடுத்துடுங்க." மோட்டார் நன்றாக ஓடுகிறது, பெரிய ஜார் இரண்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன, ஆனால் ஒரு சின்னப் பாத்திரத்துக்காக முழு மிக்சியையும் காயலான் கடைக்குப் போட வேண்டுமாம். மோட்டாருக்கு 5 வருஷ வாரண்டி என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, ஜாரும் பிளேடும் கப்ளரும் அதில் சேராது என்பதையும் அதே கொட்டை எழுத்தில் போடட்டுமே!

இப்போது வாட்ஸுக்கு வருகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் 750 என்பது அந்த மோட்டார் மின்சாரத்தை இழுக்கும் அளவு. அது எவ்வளவு நன்றாக அரைக்கும் என்பதற்கான மதிப்பெண் இல்லை. அரைபடுவது பிளேடின் வடிவத்திலும் கூர்மையிலும், ஜாரின் வளைவிலும், பிளேடு நிற்கும் உயரத்திலும் இருக்கிறது. ஆயிரம் வாட்ஸ் வேண்டும் என்பதற்குக் கடையில் சொல்லும் காரணம் விரலி மஞ்சள், மிளகாய்வற்றல், மல்லி. நம் ஊரில் அதையெல்லாம் யார் மிக்சியில் அரைக்கிறார்கள்? வெயில் பார்த்துக் காயவைத்து வறுத்து மாவு மில்லுக்குத்தானே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்! சட்னிக்கும் மசாலாவுக்கும் நாலு பேர் உள்ள வீட்டில் 500 வாட்ஸ் போதும், அடைக்கும் பருப்பு வடைக்கும் அடிக்கடி அரைக்கிறவர்கள் 750 எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கொடுக்கும் காசுக்கு ஆரவாரச் சத்தம்தான் மிச்சம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாமல் காசு பிடுங்கிய கடைகளை நான் பார்த்திருக்கிறேன். மிக்சி ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்றால் மோட்டார் எரிந்துவிட்டது என்று பதறாதீர்கள். பெரும்பாலான மிக்சிக்கு அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும், சுமை கூடினால் அது தானாக விழுந்து மோட்டாரைக் காப்பாற்றும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினால் ஓடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. மிக்சி மோட்டார் இடைவிடாமல் ஓடுவதற்காகச் செய்ததே இல்லை, சில நிமிஷம் ஓட்டினால் ஓய்வு கொடுக்க வேண்டும். இதையெல்லாம் விற்கும்போது சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அதனால்தான் மிக்சியிலேயே இட்லி மாவையும் அரைத்துக்கொள்ளலாம், கிரைண்டர் எதற்கு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உளுந்தைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நெல் வயலில் நிற்கும்போதே, ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட்டுக் காத்திருக்கிற ஊர் இது. அந்த உளுந்தை மிக்சியில் போட்டால் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் பிளேடு அதை வெட்டித் தள்ளுகிறது, மாவும் சூடாகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கிரைண்டரில் கல் நிதானமாக உருண்டு நசுக்குவதால் உளுந்து காற்றைப் பிடித்துக்கொண்டு பொங்கி எழும்புகிறது. அதே ஒரு ஆழாக்கு உளுந்து கல்லில் போட்டால் எவ்வளவு காணும், மிக்சியில் எவ்வளவு காணும் என்று ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெதுவடைக்கு மிக்சி மாவு சரிப்பட்டே வராது.

கரண்டுக் கணக்கு பார்க்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் சாதாரணமாக 150 வாட்ஸ். அரை மணி ஓடினால் ஆகும் மின்சாரம், 750 வாட்ஸ் மிக்சி ஆறு நிமிஷத்தில் இழுக்கும் மின்சாரத்துக்குச் சமம். கோயம்புத்தூரில் 1955இல் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் வைத்துச் செய்த யோசனை இது, இன்றைக்கு அந்த ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அவ்வளவு தூரம் நம் மாவுக்காகவே யோசித்துச் செய்த ஒரு சாமானை விட்டுவிட்டு, எதற்கு மோட்டாரைப் புகையவிட வேண்டும்?

கிரைண்டரிலும் ஏமாற்று உண்டு. மூன்று கல், நாலு கல், கூம்புக் கல் என்று கல்லின் எண்ணிக்கையைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். கல் இரண்டு இருந்தாலே நன்றாக அரையும். நீங்கள் பார்க்க வேண்டியது டிரம்மை ஒரு கையால் தூக்கிக் கழுவ முடியுமா என்பது. இடுப்பு வலிக்காரப் பெண் ஒருத்தி மாவை வழித்துவிட்டு அந்த டிரம்மைத் தூக்கித் தொட்டியில் வைக்க வேண்டும், கல்லிடுக்கில் ஒட்டிய மாவைச் சுரண்ட வேண்டும். நாலு பேர் வீட்டுக்கு அண்ணாந்து பார்க்கிற மாதிரி பெரிய கிரைண்டர் வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒரு நாள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் பேசுவோம்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஃபுட் பிராசசர், சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்களுக்கு, கூட்டுக் குடும்பத்துக்குச் சரி. மற்ற வீட்டில் மூன்று சப்பாத்திக்கு மாவு பிசைந்துவிட்டு ஆறு உருப்படி கழுவ வேண்டும், கையால் பிசைந்தால் ஒரு தாம்பாளம்தான். கீரை மசிக்கவும் தயிர் கடையவும் ஹாண்ட் பிளெண்டர் என்கிறார்கள், வீட்டில் மத்து இருக்கிறது. கேக் செய்து விற்கிற பெண்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இப்போது நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு பீட்டரும் ஸ்டாண்ட் மிக்சரும் தொழில் கருவி, தாராளமாக வாங்கட்டும். வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள் கேக்குக்கு அது வேண்டியதில்லை.

ஸ்மூத்தி பிளெண்டரைத்தான் விடமாட்டேன். உயரமான, குறுகலான ஜார், அதில் தண்ணீரோ பாலோ நிறைய இருந்தால்தான் சுழலும். கெட்டியாகத் தேங்காயைப் போட்டால் பிளேடைச் சுற்றி வெற்றிடம் விழுந்து பிளேடு மட்டும் தனியே சுற்றும், தேங்காய் மேலேயே நிற்கும். அது பழச்சாறுக்கென்று செய்த சாமான். 1960களில் சத்திய பிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்சியைக் கொண்டுவந்ததே வெளிநாட்டு பிளெண்டர்கள் நம் ஊர் அரவைக்குத் தாங்காததால்தான். அறுபது வருஷத்துக்கு முன்னால் தீர்ந்த பிரச்சினையைப் புதிதாகப் பொட்டலம் கட்டி மறுபடி நம் தலையிலேயே கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஆசையாகத் தூக்கி வருவது இன்னும் மோசம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அன்றைக்கே புகைந்துவிடும். அண்ணி, மச்சினரே, அன்புக்குக் குறைவில்லை, ஆனால் அந்தப் பெட்டி எடைக்குப் பிள்ளைகளுக்கு வேறு எதையாவது கொண்டு வாருங்கள்.

மின்சாரம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய பிறகு நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டை வட்டாரத்தில் எத்தனை கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன! அம்மியை விற்காமல் கொல்லையில் போட்டு வைத்திருந்த வீடுகளில்தான் அப்போது துவையல் அரைபட்டது, அக்கம்பக்கத்தாரும் வந்து அரைத்துக்கொண்டு போனார்கள். சமையலறை பளபளப்பாக வேண்டும் என்று அம்மியைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்கள் தயவுசெய்து என் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

2011இல் அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்த பிறகு இந்தப் பக்கம் மிக்சி அரிய சாமானே இல்லை. அப்படியும் கல்யாணத்துக்குக் கல்யாணம் மிக்சிதான் சீர், மிக்சிதான் மொய். பரணில் பெட்டி பிரிக்காமல் இரண்டு கிடக்கும், அடுப்படியில் இருப்பதற்குச் சின்ன ஜார் ஓட்டை. வாங்குவது என்று முடிவு செய்பவர் ஒருவர், விலை பேசுபவர் இன்னொருவர், அரைத்துக் கழுவித் துடைத்து வைக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு ஆற்றாமை பொங்குவது இந்த இடத்தில்தான். பொண்ணுக்கு என்ன கொடுக்கலாம் என்று அத்தையும் மாமாவும் கூடிப் பேசுகிறீர்களே, அந்தப் பெண்ணையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்? மூன்று மிக்சிக்குப் பதில் ஒரு மிக்சி, ஒரு இரண்டு லிட்டர் கிரைண்டர், கூடவே அந்த மிக்சிக்கு இரண்டாவது சின்ன ஜார் ஒன்றும் நாலு கப்ளரும் வாங்கிக் கொடுங்கள், அவள் உங்களை வாழ்நாள் முழுக்க வாழ்த்துவாள்.

கடைக்குப் போனால் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். சின்ன ஜாரைக் கையில் எடுங்கள், உள்ளே பார்த்து பிளேடு அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள், விரல் நுனி உள்ளே நுழையும் இடைவெளி இருந்தால் கசகசா அங்கேதான் தங்கும். மூடியை அழுத்தி மூடிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். அந்த மாடலுக்கு ஜார் மட்டும் தனியாகக் கிடைக்குமா, கிடைக்கும் என்றால் இப்போதே எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பில்லில் ஜாருக்கும் சேர்த்து வாரண்டி எழுதித் தரச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வாருங்கள், அடுத்த கடை நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது.