வலுவா, நிலைப்பா?
காற்று பலமாக வீசும்போது தேனீக்கள் வேகம் குறைவதற்குச் சிறகுத் தசைகளின் வலு போதாமையே காரணம் என்று ஒரு கட்டுரை கூறுவது ஐயத்துக்குரியது. ஆய்வாளர்கள் ஸ்டேசி கோம்ப்ஸ், ராபர்ட் டட்லி ஆகியோர் பனாமாவின் ஆர்க்கிட் தேனீக்களைத் திறந்தவெளியில் கொந்தளிப்பான காற்றுத்தாரைக்கு எதிரே பறக்கவிட்டு ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு வேறு: காற்றின் வேகமும் ஏற்ற இறக்கமும் கூடக் கூட அவை பக்கவாட்டில் உருளத் தொடங்குகின்றன, அவற்றின் உச்ச வேகத்துக்கு எல்லை வகுப்பது இந்த நிலைகுலைவுதான். அதைச் சமாளிக்க அவை பின்னங்கால்களைக் கீழ்நோக்கி நீட்டிக்கொள்கின்றன. கழைக்கூத்தாடி நீண்ட கோலை ஏந்துவதைப் போல, நிறை உடலிலிருந்து விலகுவதால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழல்வதை எதிர்க்கும் தன்மை, கூடி, உருளல் மட்டுப்படுகிறது. ஆனால் உடலின் மீதான காற்றுத்தடையும் அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றலும் 30 சதவீதம் உயர்கின்றன. வலுதான் பற்றாக்குறை என்றால், கூடுதல் சுமை தரும் இந்தச் செயலில் அவை இறங்கியிருக்கவே முடியாது; 10 இனங்களில் இதே நடத்தை பதிவாகியுள்ளதால் இதை விதிவிலக்கு என ஒதுக்கவும் இயலாது. ஈக்கள் மட்டும் ஏன் இவ்வாறு தடுமாறுவதில்லை என்று அக்கட்டுரையின் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவையும் தடுமாறத்தான் செய்கின்றன. எனினும், பின்சிறகுகள் சுருங்கி உருவான குமிழ் போன்ற ஒரு சோடி உறுப்புகள், உடல் சுழல்வதை உடனே உணர்ந்து நரம்புகளுக்குத் தெரிவிப்பதால், சில சிறகடிப்புகளுக்குள் அவை தம்மைத் திருத்திக்கொள்கின்றன. அவ்வளவு விரைவான திருத்தம் நம் கண்ணுக்குத் தடுமாற்றமாகவே தெரிவதில்லை. தேனீக்களுக்கு அந்த உறுப்புகள் கிடையாது.