மிதக்கும் மரம் கணினியில் பிறந்ததா? ஓர் உண்மை விளக்கம்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மனின் மிதக்கும் மரப் படத்தைப் பகிர்வோர் பலர், அவருடைய கலைவாழ்க்கை முழுவதும் போட்டோஷாப் என்ற படத்திருத்த மென்பொருள் தந்த கொடை என்று எழுதுகிறார்கள். இது தவறு. வேரோடு பெயர்ந்த மரம் நீர்ப்பரப்பின் மேல் அந்தரத்தில் நிற்கும் அப்படம் 1969-இல் உருவானது. போட்டோஷாப் விற்பனைக்கு வந்ததோ 1990-இல். அதற்கு முன்பே, 1967-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்திவிட்டது.

படங்கள் ஒட்டுவேலை என்பது மட்டும் உண்மை. ஆனால் ஒட்டியது இருட்டறையில். நெகட்டிவில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜர் கருவிகள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நெகட்டிவை மாட்டி, ஒரே ஒளியுணர் தாளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் கீழ் நகர்த்தி, தேவையற்ற பகுதியில் ஒளி விழாதபடி கையாலோ அட்டையாலோ மறைத்துக்கொண்டே அவர் வேலை செய்தார். மறைக்கும் அட்டையை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தால்தான் மரமும் நீரும் சேரும் இடத்தில் கோடு தெரியாது. தாள், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் தட்டில் மூழ்கிய பிறகே இரண்டும் ஒருசேர மேலெழும். ஒரு நொடி பிசகினாலும் தாள் வீண்தான், செய்ததைத் திரும்பப் பெற இதில் பொத்தான் ஏது?

1960 முதல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கற்பித்த யூல்ஸ்மன், 2022-இல் மறைந்தார். கணினியில் இத்தகைய படங்களை உருவாக்கிப் புகழ்பெற்றவர் அவருடைய முன்னாள் மனைவி மேகி டெய்லர். இருவரையும் குழப்பிக்கொண்டதும் இந்தத் தவறான செய்திக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.