லைட் ஏன் எரியவில்லை என்று கேட்டால் நாட்டுப் பாதுகாப்பு கெட்டுவிடுமா?

ஆகஸ்ட் 15 கிராமசபை வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பத்துப் பேர் அனுப்பினீர்கள். அதனால் முழுக்கதையும் சொல்லவில்லை. எங்கள் குழுவிலுள்ள தம்பி கேட்டது ஒரே ஒரு கேள்வி. கடற்கரை ஹைமாஸ்ட் லைட்டைச் சரிசெய்ததாகச் செலவுக் கணக்கில் இருக்கிறது, லைட் எரியவில்லையே, ஏன்? அதற்குக் கிடைத்த பதில், "எவன் காசுலலே இந்தக் கேள்வி? வெளிநாட்டுக் காசு வாங்கிட்டு நாட்டுப் பாதுகாப்பக் கெடுக்கானுவ." அதோடு மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

பாதுகாப்பு என்ற வார்த்தையைச் சொன்னதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ராத்திரி வள்ளம் கரைபிடிக்கிறவனுக்கு அந்த லைட்தான் அடையாளம். அது எரியாவிட்டால் எந்த இடத்தில் பாறை, எந்த இடத்தில் மணல் என்று தெரியாமல் அலையில் ஏறி வர வேண்டும். இது பாதுகாப்பு இல்லையா? 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு எங்களுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள், சாகர் கவாச் என்று கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினார்கள், கடலோரத்தின் கண்ணும் காதும் மீனவர்கள்தான் என்று மேடையில் சொன்னார்கள். கண்ணும் காதும் வேண்டும், வாய் மட்டும் எங்களுக்கு இருக்கக்கூடாதா?

எங்கள் குழு ஏன் தொடங்கியது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். என் அண்ணன் கொச்சியிலிருந்து போன போட்டில் ஆழ்கடலில் இருந்தான். வயர்லெஸ் எட்டாத தூரம். புயல் என்று கரையில் எங்களுக்குத் தெரிந்தபோது இங்கே மரம் சாய்ந்து, கரண்ட் போய்விட்டது. அவனுக்கு யார் சொல்வது? காணாமல் போனவர்கள் பட்டியல் கோயிலில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, சங்கத்தில் ஒன்று. மூன்றும் பொருந்தவில்லை. "போட்டில் எத்தனை பேர்?" என்று ஒரு அதிகாரி கேட்டார். எங்களுக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசி நேரத்தில் ஒருவன் இறங்கி இன்னொருவன் ஏறியிருக்கிறான். பட்டியலில் அண்ணன் பெயர் தப்பு, அப்பா பெயரும் தப்பு. டிசம்பர் 7 அன்று குழித்துறைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்துபோய் ரயிலை மறித்தார்களே, அந்தக் கூட்டத்தில் என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, கைப்பிள்ளையோடு நடந்தாள். உடல் கிடைக்காதவர்களுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டுக் கேட்டுத்தான் அதில் விலக்கு வாங்கி இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் மைனி இன்னும் அலுவலகப் படியில்தான் நின்றிருப்பாள்.

அதன்பிறகு ஒரு நோட்டு வாங்கினோம். போட்டு கிளம்புமுன் பெயர், வீட்டு போன், போட்டு நம்பர், யார் இறங்கினான், யார் ஏறினான் எல்லாம் அதில் எழுதுகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை ஊராட்சி வரவு செலவு எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இதுதான் எங்கள் சதி. மைக்கைப் பிடுங்கினவர் வீட்டுப் பையன் பெயரும் அந்த நோட்டில் இருக்கிறது. இனியும் எழுதுவோம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு மாதம் 100 ரூபாய். கொடுக்க முடியாதவர் கொடுப்பதில்லை. மொய் நோட்டு மாதிரி எழுதி வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்ட நேரத்தில், 2012-ல், பிரதமர் மன்மோகன் சிங்கே அமெரிக்க, ஸ்காண்டிநேவிய நாடுகளின் காசு வாங்கும் தொண்டு நிறுவனங்கள்தான் காரணம் என்று பேசினார். அன்றிலிருந்து இந்தப் பக்கம் யார் வாயைத் திறந்தாலும் இதே பேச்சு. எங்கள் கணக்கைக் கேட்கிறீர்கள், காட்டுகிறோம். ஊராட்சிக் கணக்கைக் கேட்டால் மட்டும் ஏன் கோபம்? அது எங்கள் வரிப்பணம் அல்லவா?

"அரசியல் பண்ணுகிறீர்கள்" என்கிறார்கள். ஆமாம். கிராமசபை என்பது அரசியல் சட்டத்தின் 243ஏ பிரிவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை கூட்டுகிறார்கள். டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவா? 2025 ஜனவரி 5-உடன் எங்கள் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லாருக்கும் பதவிக்காலம் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். நாம் தேர்ந்தெடுத்தவர் யாரும் அந்த நாற்காலியில் இல்லாத காலத்தில் கிராமசபையும் ஊமையாக இருந்தால் கேட்க வேறு இடம் ஏது?

 

எனக்கு மைக்கைப் பிடுங்கினவர்கள் மேல்கூட அவ்வளவு வருத்தமில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நம் ஆட்கள் மேல்தான். ஒக்கியில் பிள்ளையைப் பறிகொடுத்த மூன்று வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஒருவர்கூட "அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்று எழுந்திருக்கவில்லை. வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நேற்று அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வெளியே வரவில்லை. அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, அவன விட்டிரு, வேலைக்குப் போற பையன்" என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கடற்கரையில் இருட்டு.

அக்டோபர் 2 கிராமசபையில் அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். செலவுக் கணக்கு நகலோடு வருவேன்.