எது நடந்தால் என் கோட்பாட்டுக்கு அடி?

பிரக்ஞை, அதாவது நாம் எதையும் உணரும் அந்த உணர்வுநிலை, மூளையில் எப்படி உண்டாகிறது என்பதற்குக் கோட்பாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு அணியும் தனக்குத் தோதான சோதனையைத் தானே வடிவமைத்து, தன் கோட்பாடு வென்றதாகத் தானே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தை உடைத்ததால்தான், இரண்டு போட்டிக் கோட்பாடுகளை ஒரே சோதனையில் மோதவிட்ட காஜிடேட் (Cogitate) கூட்டாய்வை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

ஒரு பக்கம் நரம்பியல் ஆய்வாளர் ஜூலியோ டொனோனியின் ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு: தகவல் பிரிக்க முடியாதபடி ஒன்றிணைவதே பிரக்ஞை, அதற்கு இடம் மூளையின் பின்பகுதி. மறுபக்கம் இன்னொரு நரம்பியல் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் முன்னெடுத்த கோட்பாடு: ஒரு தகவல் மூளை முழுக்க ஒலிபரப்பாகும்போதுதான் நமக்குத் தெரியவருகிறது, அதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. இரு தரப்பும் 2018இல் சேர்ந்து உட்கார்ந்து, எந்த முடிவு வந்தால் யாருக்குப் பாதகம் என்பதைச் சோதனைக்கு முன்பே முடிவுசெய்தார்கள். சோதனையை நடத்தியதோ எந்தப் பக்கமும் சாராத ஆய்வகங்கள்.

சோதனை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. முகம், பொருள், எழுத்து, அர்த்தமில்லாத குறி என்று படங்களைக் காட்டினார்கள். சில அரை நொடி, சில ஒரு நொடி, சில ஒன்றரை நொடி. அந்தக் கால அளவில்தான் சூட்சுமமே இருக்கிறது. படம் கண்முன் இருக்கும்வரை பின்பகுதியில் செயல்பாடும், அதன் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் ஒத்திசைவும் நீடிக்க வேண்டும் என்பது முதல் கோட்பாட்டின் கணிப்பு. படம் தோன்றும்போதும் மறையும்போதும் முன்பகுதி சட்டென்று கிளர்ந்தெழ வேண்டும் என்பது இரண்டாவதன் கணிப்பு. ஒரே படத்தை வைத்து இரண்டையும் பிடித்துவிடலாம்.

256 பேரிடம் நடந்த இந்த ஆய்வின் முழு முடிவு 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்தது. இரண்டு பேருக்குமே அடி. பின்பகுதியில் செயல்பாடு நீடித்தது. ஆனால் எதிர்பார்த்த நீடித்த ஒத்திசைவு கிடைக்கவில்லை. படம் மறையும்போது முன்பகுதியில் வர வேண்டிய கிளர்ச்சியும் பெரும்பாலும் வரவில்லை.

சரி, யாராவது கோட்பாட்டைக் கைவிட்டார்களா? இல்லை. அதற்காக இது வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இனி இந்த இரண்டு கோட்பாடுகளையும் ஆதரித்து எழுதுபவர் எவரும் அந்த ஓட்டைகளைத் தாண்டிப் போக முடியாது. முன்பு அப்படித் தாண்டிப் போக முடிந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறோர் இடத்தில். முதல் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. அதே ஆண்டு செப்டம்பரில் 124 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு, ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டைப் போலி அறிவியல் என்று கடிதம் வெளியிட்டார்கள். சோதித்த கணிப்புகள் அந்தக் கோட்பாட்டின் அடிப்படையைத் தொடவே இல்லை என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெளிப்படையாகச் சோதனைக்கு வந்து அடிவாங்கிய கோட்பாட்டுக்கு அந்த முத்திரை எப்படிப் பொருந்தும்? அடிப்படையைத் தொடவில்லை என்றால், அதைத் தொடும் சோதனையை அவர்களே முன்வைக்கட்டும். அப்படியே, எந்த முடிவு வந்தால் தங்கள் சொந்தக் கோட்பாடு அடிவாங்கும் என்பதையும் எழுதி, அதிலும் கையெழுத்துப் போடட்டும்.