சட்டத்தரணிக்கு முன்னால் ஒரு கணக்காளர்

விவாகரத்துக்கு நல்ல சட்டத்தரணி யார் என்று என்னிடம் கேட்ட பெண்கள் நிறையப் பேர். கணக்குத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கொழும்பில் கணக்காய்வு வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். அதனால் இது எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக உறுத்துகிறது.

ஐம்பது, அறுபது வயதில் பிரிகிற பெண்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முப்பதில் பிரிகிறவளுக்கு உழைக்க இன்னும் காலம் இருக்கிறது. ஐம்பத்தெட்டில் பிரிகிறவள் கையில் வருவதை வைத்துத்தான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும்.

ஆலோசனைக்கு என்னவோ பஞ்சமில்லை. "காசை என்ர கணக்கில போடு, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்பார் அண்ணா. "ஃபிளாட்டை வித்துப்போட்டு இங்க வாங்கோ அம்மா" என்பான் டொரொண்டோ மகன். நிலையான வைப்புப் போடப் போனால் அதோடு ஒரு காப்புறுதியையும் தலையில் கட்டப் பார்ப்பார் வங்கிக்காரர். கோயிலில் காணும் மாமி, "எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியா இரும்மா" என்பார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவர் ஆலோசனையில் அவரவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. மாமிக்குக்கூட, அடுத்த வெள்ளிக்கிழமை சொல்ல ஒரு கதை. உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் யாரும் கூட்டிக் கழித்துப் பார்ப்பதில்லை. சட்டத்தரணியும் பார்க்க மாட்டார். அவருடைய வேலை வழக்கை முடிப்பது.

அந்த வழக்கு முடிகிற விதத்தில்தான் காசு போகிறது. இலங்கையின் பொதுச் சட்டத்தில் (கண்டிய, முஸ்லிம் தனிச் சட்டங்களுக்கு உட்படாதவர்களுக்கானது) விவாகரத்து கிடைக்க யாராவது ஒருவர் பிழை செய்திருக்க வேண்டும். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பிந்திய பிறருறவு, வன்மமாகக் கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. (அறுபது வயதில் மூன்றாவதை நிரூபிக்கப் போகிறவரை நான் சந்திக்க விரும்புகிறேன்.) ஒத்துவரவில்லை என்பதெல்லாம் காரணமே இல்லை. ஆகவே கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: இரண்டு பக்கமும் வெளியில் பேசி முடிப்பார்கள், ஒருவர் "கைவிட்டுப் போய்விட்டார்" என்று வழக்குப் போடுவார், மற்றவர் எதிர்க்காமல் இருப்பார்.

அந்த வெளிப் பேச்சில்தான் "தாபரிப்பு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் குடுங்கோ, கெதியா முடிஞ்சிடும்" என்ற வசனம் வரும். தாபரிப்பு என்றால் உங்கள் சீவியத்துக்கு அவர் தர வேண்டிய பணம். களைத்துப் போயிருக்கும் பெண் தலையாட்டிவிடுவாள். விவாகரத்துத் தீர்ப்பின்போது சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லவும், மொத்தத் தொகையோ மாதப் பணமோ கொடுக்கச் சொல்லவும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு அந்தப் பிரிவால் உங்களுக்கு என்ன பிரயோசனம்?

பாதிச் சொத்து தானாக வரும் என்று நினைப்பவர்கள் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள். இங்கே பொதுச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. வெள்ளவத்தை ஃபிளாட்டின் உறுதிப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் பேச்சே தொடங்கும். சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் பற்றுச்சீட்டு இல்லை. "வீட்டை உனக்குத்தான் தருவேன்" என்று அவர் வாயால் சொன்னதும் செல்லாது. காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் என்றால், கொழும்பில் குடியிருந்தாலும், உங்கள் பெயரில் உள்ள சீதன வீட்டை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இதைச் சொல்லும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆள் வேறு வீட்டில் வேறு வாழ்க்கை நடத்தினாலும் விவாகரத்து ஆகாதவரை கையெழுத்து அவருடையதே. அவர் காரணமில்லாமல் மறுத்தாலோ கைவிட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். தன் வீட்டை விற்க நீதிபதி வாசலில் நிற்பது என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி, பலர் என்னோடு சண்டைக்கு வரும் இடம். சில பெண்களுக்கு, கணக்கைப் பார்த்தால், விவாகரத்தே வேண்டாம். கணவர் அரசாங்க ஓய்வூதியர் என்று வையுங்கள். அவர் இறந்தால் விதவை ஓய்வூதியம் சட்டப்படியான மனைவிக்கு. விவாகரத்துத் தீர்ப்பு இறுதியான நாளோடு நீங்கள் அந்த இடத்தில் இல்லை. எழுபது வயது ஆளை விவாகரத்துச் செய்யும் அறுபது வயதுப் பெண், இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறாளா? தாபரிப்புக்கு விவாகரத்து தேவையும் இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், தன்னைத் தானே தாபரிக்க முடியாத மனைவி நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது: இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் கட்டளை கிடைக்காது. எனவே உறவினர் யாராவது நல்லெண்ணத்தில் "இருவரும் விரும்பிப் பிரிகிறோம்" என்று கடிதம் எழுதி நீட்டினால், பேனையை மூடி வையுங்கள். அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பொருந்தாது. அங்கே முதலில் வெளியே வர வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். தீர்ப்பு வந்தது, மூன்று மாதம் கழித்து அது இறுதித் தீர்ப்பாகவும் ஆனது. பிறகு ஒரு கடன் நிறுவனத்திலிருந்து கடிதம். கணவரின் வியாபாரக் கடனுக்கு எப்போதோ பிணையாளியாகக் கையெழுத்து வைத்திருக்கிறார், என்ன கடதாசி என்று கேட்காமலே. விவாகரத்து பிணையை அழிக்காது. கடன் தகவல் பணியகத்தில் உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே எடுக்கலாம். வழக்குப் போடும் முன் எடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி இருந்தால், பெண்ணுக்கு எடுக்கும் வயது 50, ஆணுக்கு 55. வேலையில் சேர்ந்த காலத்தில் நிரப்பிய படிவத்தில் நொமினி யார் என்று பாருங்கள். அநேகமாக அவர்தான் இருப்பார். நகை யாருடைய பெயரில் அடகில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். அடகுத் துண்டு யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சரி, மொத்தத் தொகையா மாதப் பணமா? மாதப் பணம் என்றால் ஒவ்வொரு மாதமும் அவர் முகத்தை நினைக்க வேண்டும், அவர் கண்ணை மூடினால் அதுவும் நிற்கலாம். மொத்தத் தொகைக்கு வேறு எதிரி. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அதற்கு முந்தைய வருடம் ரொக்கமாக வாங்கி வங்கியில் போட்டவளின் காசு கண்ணுக்கு முன்னால் கரைந்தது. என் விருப்பம் உங்கள் பெயரில் உறுதிப் பத்திரத்தோடு ஒரு வீடு, அதற்கு மேல் கொஞ்சம் காசு.

காசை மட்டும் நம்புகிறவர்கள் இதைப் போட்டுப் பாருங்கள்: 50 இலட்சம், வருடம் 8 சதவீதம் என்றால் மாதம் 33,333 ரூபாய். வெள்ளவத்தையில் வாடகைக்கே காணாது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுய பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். நிறையப் பேர் கொடுப்பதில்லை.

வட்டி காணாது என்றதும் கூடிய வட்டி தரும் நிதிக் கம்பனியைத் தேடுவார்கள். மக்களிடம் வைப்பு வாங்கிய கோல்டன் கீ கம்பனி 2008 டிசம்பரில் விழுந்தது. 2020இல் த ஃபினான்ஸ் கம்பனியினதும் ஈ.டி.ஐ. ஃபினான்ஸினதும் அனுமதிப்பத்திரங்களை மத்திய வங்கி ரத்துச் செய்தது. வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், அதுவும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற இடமாக இருந்தால். 50 இலட்சத்தையும் ஒரே இடத்தில் போடுகிறவர் மிச்சம் 39 இலட்சத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கிறார்.

பிள்ளைக்கு வீட்டை எழுதத்தான் வேண்டும் என்றால் நன்கொடை உறுதியில் உங்கள் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்து எழுதுங்கள். மகன் நல்லவன்தான், மறுக்கவில்லை. அவனுக்கும் கடன் வரும், அவன் வீட்டிலும் ஒருநாள் வழக்கு வரலாம்.

கணக்காளருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு தடவை உட்கார்ந்து பேச ஒரு நல்ல பட்டுச் சேலைக் காசு போதும், கட்டணத்தை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். விற்கத் தன்னிடம் ஒரு திட்டமும் இல்லாத ஆளாகப் பாருங்கள், அண்ணாவின் சிநேகிதராக இல்லாமலும் பாருங்கள். போகும்போது உறுதிப் பிரதி, வங்கிக் கூற்றுகள், அடகுத் துண்டு, சேமலாப நிதிக் கூற்று, வீட்டின் ஒரு மாதச் செலவு எழுதிய கொப்பி எல்லாம் கொண்டு போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பக்கத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே இருக்கிறது. கணக்குப் பக்கத்துக்கு அப்படி ஓர் இடம் அரசாங்கம் திறந்ததை நான் காணவில்லை.

கேள்வி இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள். தொகைகளை இங்கே கீழே எழுத வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர்களும் என் நண்பர் பட்டியலில் இருக்கிறார்கள்.