அடுப்புக்கு அடியில் ஒட்டிய எச்சரிக்கை

நேற்று ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, "கேஸ் வாடை வருதுடி" என்றாள். சொன்ன கையோடு, வாடை வெளியே போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வாசலில் வந்து நின்றோம். எனக்குக் கை நடுக்கம் நிற்கவே இல்லை.

கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். இதை அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டியது யார்?

அடுப்பு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. வாடையெல்லாம் போன பிறகு பர்னரைக் கழற்றி, தட்டுகளை எடுத்து, தரையில் பழைய சேலையை விரித்து, கண்ணாடி உடையாமல் இரண்டு பேராகப் பிடித்துக் கவிழ்த்தோம். அடிப்பக்கம், எண்ணெய் பிசுக்குக்கு நடுவில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர். கடுகைவிடச் சின்ன எழுத்து. ஃபோன் டார்ச்சை அடித்தேன், கண் பிடிக்கவில்லை. படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. ஆங்கிலமும் இந்தியும்தான். கேஸ் கசிந்தால் சுவிட்சைத் தொடாதே, டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்று, எல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் ஒரு வரி இல்லை!

கம்பெனி பெயர் மட்டும் முகப்பில் கட்டைவிரல் அகலத்துக்கு மின்னுகிறது. அதற்குப் பக்கத்தில் நாலு வரி தமிழில் போட இடமா இல்லை? என் அம்மா தமிழ் பேப்பரை வரி விளம்பரம்வரை விடாமல் படிப்பவள். "எழுதியிருந்தா படிச்சிருப்பேனேடி" என்று அவள் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கசிந்தது டியூபில். புது அடுப்பை மாட்ட வந்தவர் பழைய ஆரஞ்சு டியூபையே செருகிவிட்டுப் போயிருக்கிறார். அதில் 2017 என்று அச்சடித்திருக்கிறது, சுவரைப் பார்த்த பக்கத்தில். கஸ்டமர் கேருக்கு ஃபோன் செய்தால், "புக்லெட்டில் இருக்கு மேடம்" என்கிறார்கள். புக்லெட்டிலும் அதே இரண்டு மொழிதான்.

சிலிண்டர் மட்டும் என்ன ஒழுங்கு? கைப்பிடிக் கம்பியில் D 27 என்று இருக்கும். 2027 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் அதைச் சோதனைக்கு அனுப்பியாக வேண்டும் என்று அர்த்தம். A என்றால் ஜனவரி முதல் மார்ச். முப்பது வருடமாகச் சிலிண்டர் உருட்டும் அம்மாவுக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை. கசிவுக்கு எந்நேரமும் கூப்பிட 1906 என்று ஒரு நம்பர் இருப்பதும் தெரியாது. நான் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அம்மாவின் பிரஷர் மாத்திரையை எடுத்தால், மெடிக்கலில் அட்டையைக் கத்திரித்துக் கொடுத்ததில் எக்ஸ்பைரி தேதி இருக்கும் பாதி கடையிலேயே தங்கிவிட்டது.